ஒலி பெருத்தது, எழுத்து தேய்ந்தது

நம்மவரிடையே அண்மைக் காலத்தில் ஒரு நோய் புகுந்திருக்கிறது. யூனானி நூல்களில் அதற்குப் பெயரில்லை. 'வாட்' என்ற சொல்லில்தான் அதன் நாடி பிடிபடும். பள்ளிவாசலுக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கிய நிர்வாகி, முதலில் எத்தனை வாட் என்பதைத்தான் பெருமையோடு சொல்லுகிறார். வீட்டுக்கு ஒலிக்கருவி வாங்கிய குடும்பத்தலைவர் பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லுகிறார்: ஐந்து சிறியது, ஒன்று பெரியது, ஆக ஆறு. அந்த ஆறு பெட்டிகளின் வழியே ஒரு காரீ ஓதும்போது, அடிநாவில் பிறக்கும் காஃபும் அதற்குச் சற்று முன்னே பிறக்கும் காஃபும் வேறுபட்டுக் காதில் விழுகின்றனவா என்று கேட்பார் ஒருவருமில்லை.

என் கட்சியை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓதும் குரலுக்கும் பேசும் குரலுக்கும், ஒற்றைக் காகிதக் கூம்பு பொருத்திக் கையால் செய்த ஒரு சிறு பெட்டி போதும். நம் வீடுகளிலும் மத்ரஸாக்களிலும் இன்று இடத்தை அடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும், அதைப்போல் பன்மடங்கு விலையுள்ள பெட்டிகளைக் காட்டிலும் இந்த வேலைக்கு அதுவே மேல். கூம்பு என்றவுடன் காவல்துறை அறிவிப்புகளில் வரும் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' நினைவுக்கு வரலாம். அது தகரத்தாலான குழாய் ஒலிபெருக்கி. நான் பேசுவது பழைய ரேடியோவின் உள்ளே, துணித் திரைக்குப் பின்னால் இருந்த நான்கு அங்குலக் காகிதக் கூம்பைப் பற்றி. தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உயர்ந்த ஒலி ஆகிய அனைத்தையும் அந்த ஒன்றே ஒலிக்கும். கடைக்காரர்கள் இதை 'ஃபுல் ரேஞ்ச்' என்பார்கள்.

திருவள்ளூரை அடுத்த காக்களூரை அறியாதார் இப்பகுதியில் இல்லை. ஏரி ஒரு புறம், சிட்கோ தொழிற்பேட்டை ஒரு புறம், ஆவின் பால்பண்ணை ஒரு புறமாக அமைந்த ஊர். தொழிற்பேட்டைக்கு இயந்திரங்கள் மரச்சட்டப் பெட்டிகளில் வந்து இறங்கும். அவற்றின் பலகைகள் பிறகு பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேரும். பட்டறைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் அந்தப் பலகையைக் கிலோக் கணக்கில் வாங்கி, ஓய்வு நாளில் ரம்பமும் உளியும் கொண்டு ஒலிப்பெட்டி செய்கிறார்கள். மின்ரயிலேறிச் சென்னை சென்று ரிச்சி தெருவில் நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வருகிறார்கள். அதற்கும் மனமில்லாதவர் பழுதான ரேடியோவிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ கழற்றிக்கொள்கிறார். '4440' என்ற எண்ணால் தமிழகத்துப் பொறியார்வலர் அனைவருக்கும் பழக்கமான அந்தப் பழைய ஐ.சி. பொருத்திய ஒரு சிறு பலகையே ஆம்ப்ளிஃபையர். அப்படிச் செய்த பெட்டிகள் மூன்றைப் பல மாலைகள் இருந்து கேட்டேன். ஒன்று பலகைப் பெட்டி. ஏறத்தாழ ஏழு லிட்டர் கொள்ளும். இன்னொன்று பின்புறம் திறந்த பெட்டி. மூன்றாவது மண்பானை.

பானை என்றதும் சிரிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒலிநாடாக் காலத்தில் தமிழ்நாட்டின் தேநீர்க்கடைகளிலும் சிற்றூர் வீடுகளிலும் பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பாட்டுக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அறிவியல் அவர்கள் பக்கமே நிற்கிறது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்து ஆய்வாளர் ஹாரி ஆல்சன், பல வடிவப் பெட்டிகளில் ஒரே வகை ஸ்பீக்கரைப் பொருத்தி அளந்து 1951இல் முடிவுகளை வெளியிட்டார். கூர்மையான விளிம்புகளும் எதிரெதிர்ச் சுவர்களுமுள்ள சதுரப் பெட்டி ஒலியைக் கோணச் செய்தது. உருண்டை வடிவமே மிகச் சீராக ஒலித்தது. நம் குயவருடைய சக்கரம் அதுவரை அந்த வடிவத்தை எத்தனை தலைமுறைகளாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளிவாசலுக்கும் பானைக்கும் உள்ள உறவும் புதிதன்று. இஸ்தான்பூலில் கட்டடக் கலைஞர் ஸினான் எழுப்பி 1557இல் நிறைவெய்திய சுலைமானிய்யா பள்ளியின் மாடத்துக்குள் வாய் திறந்த மண்பானைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒலியை எழுப்பும் பானைகளல்ல, எதிரொலியை அடக்கும் பானைகள், தொழில் வேறு. ஆனால் ஓதும் குரல் கடைசி வரிசைக்குத் தெளிவாகச் சேரவேண்டும் என்ற கவலை அன்று கட்டடம் கட்டியவருக்கு இருந்தது. இன்று பளிங்கும் ஓடும் பதித்துப் பள்ளி கட்டுகிற நமக்கு, அந்தக் கவலை கட்டடம் முடிந்து குழாய் மாட்டிய பிறகுகூட வருவதில்லை.

இனி நான் கேட்டவற்றைச் சொல்லுகிறேன். முதலில் எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் கிராஅத். 1917இல் பிறந்து 1980இல் மறைந்த அந்தப் பெருந்தகை, திருமறை முழுவதையும் தர்த்தீலாக ஓதிய பதிவு 1961இல் வெளிவந்தது. மத்ரஸா ஆசிரியர்களுக்கு அது ஒரு பாடப்புத்தகம். பலகைப் பெட்டியை இரண்டு மீட்டர் தொலைவில், காது மட்டத்தில் வைத்து, பக்கத்து அறையில் ஒருவர் பேசுமளவுக்கு மட்டும் ஒலியைத் திறந்து கேட்டேன். முதலில் தோன்றியது ஏமாற்றந்தான். ஒலி சிறுத்திருந்தது; அதிரவில்லை; நெஞ்சில் வந்து முட்டவில்லை. ஒரு பக்கம் ஓதி முடிவதற்குள் காது தானே தன் இருக்கையைச் சரிசெய்துகொண்டது. அதன்பின் கேட்டது ஒரு மனிதரை. எதிரே ஒருவர் அமர்ந்து ஓதுகிறார். அவருடைய வாய் இன்ன இடத்திலிருக்கிறது என்று விரலால் சுட்டலாம். கல்கலாவில் எழுத்து தெறித்து நிற்கும் அந்த நொடி, குன்னாவில் மூக்கின் வழி இழையும் ஓசை, தொண்டையின் நடுவில் உரசி வரும் ஹாவுக்கும் அடித்தொண்டையில் காற்றாக வரும் ஹாவுக்கும் உள்ள வேறுபாடு, வக்ஃபுக்குப் பின் மூச்சை உள்ளிழுக்கும் மெல்லொலி அனைத்தும் அந்தந்த இடத்தில் இருந்தன.

அதே ஓதலை, அதே ஒலியளவில், நண்பர் ஒருவர் வீட்டு ஆறு பெட்டிக் கருவியில் கேட்டேன். குரல் பெரிதாயிற்று, ஆனால் சிதறிப்போயிற்று. சுவரில் மாட்டிய சிறு பெட்டிகளால் கனத்த ஒலியை எழுப்ப இயலாது. ஆகவே ஆண்குரலின் அடித்தளமான நொடிக்கு 100 முதல் 150 வரையிலான அதிர்வுகள், தரையில் மூலையில் கிடக்கும் பெரிய பெட்டிக்குப் போய்விடுகின்றன. காரீயின் நெஞ்சு சோபாவின் பின்னாலும் வாய் தொலைக்காட்சியின் மேலும் இருந்தன. வேறொரு வீட்டில் தனி ட்வீட்டர் வைத்த மலிவான பெட்டி: அங்கே ஸீனும் ஸாதும் வருகிற போதெல்லாம் பற்கள் மட்டும் குரலைவிட்டு எழுந்துபோய் ஓரடி உயரத்தில் நின்று சீறின.

அல்மின்ஷாவீயின் உருக்கத்துக்கு மண்பானை பொருத்தமாயிருந்தது. குரலில் ஒரு வெதுவெதுப்புக் கூடியது. அப்துல் பாஸித் அவர்களின் நீண்ட மூச்சில், குரல் உச்சிக்கு ஏறுகிற இடத்தில் இந்தச் சிறு கூம்பு சற்றுக் கூச்சலிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒற்றைக் கூம்புகளுக்குப் பொதுவாகவே உள்ள குறை அது. பெட்டியை நேர்முகமாக வைக்காமல் காதுக்குச் சற்று விலகித் திருப்பிவைத்தால் பெரிதும் தணிகிறது. உள்ளே பழைய மெத்தைப் பஞ்சைத் தளர்வாக வைத்ததும், சுவரோரமாக நகர்த்தியதும் கனத்தைக் கொஞ்சம் கூட்டின.

நாகூர் ஹனீபா அவர்களை இதில் கேட்காமல் விடமுடியுமா? 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. (அதே 1925ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர், காந்தம், சுருள், காகிதக் கூம்பு என்ற இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். கூம்பும் ஹனீபாவும் ஒரே வயதினர்!) அவர் தனித்துப் பாடும் இடங்களில் இந்தப் பெட்டி அவரை வீட்டுக்குள் அழைத்து வருகிறது. பின்பாட்டுக் குழுவும் தபேலாவும் மற்றக் கருவிகளும் ஒருங்கே சேர்கிற இடத்தில் திணறுகிறது. காரணம் எளிது. கனத்த ஒலிக்காகக் கூம்பு நெடிது அசைகையில், அதே கூம்பின் மேல் ஏறிவரும் நுண்ணொலியும் சேர்ந்து ஆடிப்போகிறது. தஃப்பின் விளிம்புத் தட்டு துல்லியமாக வந்தது. அதன் வயிற்றொலி வரவில்லை. ஷேக் சின்ன மௌலானா அவர்களின் நாதஸ்வரத்தையும் கேட்டேன். இசை குறித்த ஃபிக்ஹு வாதத்தை இங்கே இழுப்பவர்கள் தனியே வரட்டும், பேசலாம். நாதஸ்வரத்தின் நடுக்கமும் சீவாளியின் உயிரும் முழுமையாக வந்தன. தவில் மட்டும் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் இருந்தது.

ஆக, எல்லாவற்றுக்கும் இது போதும் என்று நான் வாதாடவில்லை. குரலுக்குப் போதும் என்கிறேன். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நாம் கேட்பதில் பெரும்பங்கு என்ன? ஓதல், பயான், பாங்கு, ஸலவாத்து, பாட்டு என அத்தனையும் மனிதக் குரல்.

குரல் என்பது யாது என்பதை நம் இரு மரபுகளும் ஆழ்ந்து எண்ணியிருக்கின்றன. தொல்காப்பியரின் பிறப்பியல், எழுத்தொலி பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாக வகுக்கிறது. ஆயினும் எழும் காற்று ஒன்றே என்பது அதன் தொடக்கம். அரபு இலக்கணத்தில் மக்ரஜுகளை ஸீபவைஹி 16 என்றார். தஜ்வீது கலையின் பேராசான் இப்னுல் ஜஸரீ 17 என்பதைத் தேர்ந்தார். ஹிஜ்ரி 392இல் மறைந்த இப்னு ஜின்னீ, தம்முடைய 'ஸிர்ரு ஸினாஅத்தில் இஃராப்' என்ற நூலில் தொண்டையையும் வாயையும் ஒரு புல்லாங்குழலுக்கு ஒப்பிடுகிறார். ஊதும் காற்று ஒன்று, குழலும் ஒன்று. விரல் மூடும் துளைக்கேற்ப ஒலி வேறாகிறது. எழுத்துகள் பலவாவதும் அப்படியே என்பது அவர் விளக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் இருந்தவர் அறிந்த செய்தி இது. ஒரு குழலில் பிறந்ததை நாம் இரண்டாகவும் மூன்றாகவும் அறுத்து, வெவ்வேறு பெட்டிக்குள் போட்டு, பிறகு காதுக்குள் ஒட்டிக்கொள்ளச் சொல்லுகிறோம்.

அறுப்பது எந்த இடத்தில் என்பதும் கவனிக்கத்தக்கது. ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பங்கிடும் கிராஸ்ஓவர் என்ற சுற்று, பெரும்பாலான பெட்டிகளில் நொடிக்கு 2000 முதல் 3500 அதிர்வுக்குள் எங்கோ ஓரிடத்தில் வெட்டுகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாயிருப்பது 2000 முதல் 5000 வரை. மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதற்கான அடையாளங்களில் மிகப்பல அங்கேதான் இருக்கின்றன. பழைய தொலைபேசி 300 முதல் 3400 வரையே கடத்தியது. அதனால்தான் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப்பெயரை உடன்சொல்லித் தொல்லைப்பட்டோம். திறமையான பொறியாளர் நல்ல பொருள்களைக் கொண்டு செய்தால் அந்த வெட்டைத் தைத்த தடம் தெரியாமல் தைத்துவிடுவார். அத்தகைய பெட்டிகள் உலகில் உண்டு, அவற்றை நான் குறை சொல்லவில்லை. அவற்றின் விலை நம் முஹல்லாவுக்கு எட்டாது. நமக்கு எட்டும் விலையில் வருவது, ஒரேயொரு கன்டென்ஸரைக் குறுக்கே போட்டுத் தையல் முடிந்தது என்று அனுப்பிவைத்த பெட்டி. ஒற்றைக் கூம்பில் தையலே இல்லை.

அதற்கும் எல்லை உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 2000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். கூம்பின் அகலம் அலைநீளத்தை எட்டும்போது ஒலி நாலாபுறமும் பரவாமல் கைவிளக்கின் ஒளிபோல நேரே மட்டும் பாயும். எட்டு அங்குலக் கூம்பு 2000 அதிர்விலேயே இப்படிக் குறுகத் தொடங்கும். நான்கு அங்குலம் ஏறத்தாழ 4000 வரை தாங்கும். இன்னும் சிறிதாக்கினால் ஆண்குரலின் கனம் போய்விடும். நான்கு அங்குலம் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட உடன்படிக்கை.

'ஹஜ்ரத், இது ரேடியோ மாதிரியல்லவா கேட்கிறது?' என்றார் நிர்வாகிகளில் ஒருவர். ஆம் ஹாஜியாரே, ரேடியோ மாதிரிதான். நீங்களும் நானும் சிறுவர்களாக இருந்தபோது இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியை எந்தக் கருவியில் கேட்டோம்? மரப்பெட்டி, உள்ளே ஒற்றைக் கூம்பு. பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தமிழில் லகரமும் ளகரமும் ழகரமும் கடல் கடந்து, இரைச்சலையும் தாண்டி, தனித்தனியே நம் வீட்டுக்குள் வந்து இறங்கின. அந்த உச்சரிப்பைக் கேட்டு நாவைத் திருத்திக்கொண்டவர்கள் நம் தலைமுறையில் பலர். இன்று நம் பிள்ளைகள் எதைக் கேட்டுத் திருந்துவார்கள்? உள்ளங்கைக்குள் அடங்கும் கைப்பேசியின் கீச்சையா, மூலையில் உறுமும் பெட்டியையா?

இங்கேதான் என் கோபத்தின் வேர் இருக்கிறது. அரபுச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் பாருங்கள். இதயத்தைக் குறிப்பதும் கல்பு. நாயைக் குறிப்பதும் கல்பு. வாளும் ஸைஃபு, கோடைக்காலமும் ஸைஃபு. தமிழெழுத்தில் ஓதக் கற்கும் பிள்ளைக்குக் கண் உதவாது. காது ஒன்றே ஆசான். நம் முன்னோர் தமிழொலிகளை அரபெழுத்தில் காக்க வேண்டி, இருக்கும் எழுத்துகளுக்குப் புதிய புள்ளிகளிட்டு அரபுத் தமிழ் என்றொரு எழுத்துமுறையையே வளர்த்தார்கள். ஓர் ஒலிகூட வழியில் சிந்திவிடக் கூடாதென்று அவ்வளவு பாடுபட்டவர்களின் பேரர்கள் நாம். காதுக்குச் சிறிய காஃபும் பெரிய காஃபும் ஒன்றாகிப்போகும் கருவியை விலை கொடுத்து வாங்கி, மத்ரஸாவின் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். பிள்ளை பிழையாக ஓதினால் பிரம்பு மட்டும் உஸ்தாதின் கைக்கு வருகிறது.

வாட் கணக்குக்கு வருவோம். நான்கு அங்குலக் கூம்பு ஒன்று, ஒரு வாட் மின்சாரத்தில் ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 88 டெசிபல் ஒலியெழுப்பும். இருவர் அமர்ந்து உரையாடும் ஒலி அந்தத் தொலைவில் 60 டெசிபல் அளவு. இந்த 28 டெசிபல் இறக்கத்துக்கு மின்சாரக் கணக்கில் அறுநூறு மடங்குக்கும் மேல் குறைவு என்று பொருள். அதாவது வீட்டில் ஓதல் கேட்க ஒரு வாட்டில் ஐந்நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். உரத்து எழும் இடங்களுக்குச் சேர்த்துக் கணக்கிட்டாலும் பத்தில் ஒரு பங்கு போதும். அட்டைப் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் 'பி.எம்.பி.ஓ.' வாட் அச்சடித்து விற்றவர்கள் யாரை நம்பி விற்றார்கள் என்று இப்போது விளங்குகிறதா?

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டமும் உண்டு. ஒற்றைக் கூம்பையே மதமாக்கிக்கொண்டவர்கள். இங்கிலாந்தில் பால் வாய்ட் 1930களில் பெரிய கூம்பின் நடுவே சிறு கூம்பையும் ஒட்டி இக்கலையை வளர்த்தார். அவர் வழியில் லோதர் நிறுவனம் வந்தது. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்துப் பத்து சென்டிமீட்டர் ஸ்பீக்கருக்கு உலகெங்கும் அன்பர்கள் உண்டு. நல்ல உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூம்புகளுக்கு இலட்சங்களைக் கொட்டி, கம்பி எந்த உலோகம், மரம் எந்தக் காட்டுத் தேக்கு என்று இரவெல்லாம் வாதிடுவோரைக் கண்டால், வாட் நோய்க்கு மாற்றாக வேறொரு நோயைத் தேடிக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. காக்களூர்ப் பலகையில் ஹுஸரீயின் காஃப் கேட்கிறது. அதற்கு மேல் எனக்குத் தேக்கு தேவைப்படவில்லை.

இனிப் பள்ளிவாசல். 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் தெரிந்தவரை முந்தியது அதுவே. அதன்பின் உலமாப் பெருமக்கள் எத்தனை ஆண்டுகள் வாதிட்டார்கள் என்பதை இளையவர்கள் அறியமாட்டார்கள். தொழுகையில் கருவி வழியே வரும் குரல் இமாமின் சொந்தக் குரலா, அன்றி மலையில் மோதித் திரும்பும் எதிரொலி போன்றதொன்றா என்பதே கேள்வி. எதிரொலியென்றால் அதைப் பின்பற்றிக் குனிவதும் நிமிர்வதும் செல்லுமா என்ற ஐயம். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் முதலில் கூடாதென்று எழுதி, பின்னர் ஆராய்ந்து தம் கருத்தைத் தளர்த்தினார்கள். இன்று அந்த வாதம் ஓய்ந்துவிட்டது. ஆனால் பளிங்குத் தரையும் ஓடு பதித்த சுவருமுள்ள கூடத்துக்குள் நான்கு மூலையிலும் நான்கு குழாய்களை மாட்டி, போதாக்குறைக்கு 'எக்கோ'வையும் முடுக்கிவிட்டால், வெளிவருவது யார் குரல்? அன்றைய ஆலிம்கள் அஞ்சிய எதிரொலியை, காசு கொடுத்துத் தனி விசையாக வாங்கி வைத்திருக்கிறோம்!

குழாய் ஒலிபெருக்கியின் மேல் எனக்குப் பகையில்லை. ஒரு வாட்டில் 105 டெசிபலுக்கு மேல் எழுப்பும் அதன் ஆற்றல் காகிதக் கூம்பைப்போல ஐம்பது மடங்கு. திறந்த வெளியில் தொலைவுக்குப் பாங்கொலியைக் கொண்டுசேர்க்கப் பிறந்த கருவி அது. அதைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, முதல் வரிசையில் இருப்பவரின் தலைக்கு நேரே மாட்டி, அரைமணி நேர பயானை அதன் வழியே கேட்கச் செய்வது தெருவிளக்கை எடுத்துவந்து படிக்கும் மேசையில் வைப்பதற்கு ஒப்பானது. வெளியே வைத்தாலும் அளவு உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டிருக்கின்றன. அதே ஆண்டு சென்னையின் ஒரு தேவாலயம் தொடர்பான வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடுமாறு எந்தச் சமயமும் சொல்லவில்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. இதைச் சட்டத்துக்கு அஞ்சிச் சொல்லவில்லை. லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று. தக்பீரை உரக்க முழங்கிய தோழர்களை, அழைக்கப்படுபவன் செவிடனல்லன் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். இவையெல்லாம் நாம் மேடையில் உரக்கச் சொல்லும் செய்திகள், குழாய் வழியாக.

என்ன செய்யலாம்? கூடத்தின் தூண்கள்தோறும், அமர்ந்திருப்போர் காதுக்குச் சற்று மேலே, ஒற்றைக் கூம்புப் பெட்டி ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் தன்னருகே இருக்கும் இரண்டு மூன்று வரிசைக்கு மட்டும் பேசினால் போதும். தொலைவு இரட்டித்தால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். அருகிலிருந்து மெல்லப் பேசினால் சுவர்களைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை, எதிரொலி சொல்லை விழுங்குவதுமில்லை. பத்துப் பெட்டிக்கான பலகையும் கூம்பும் ஒரு நல்ல குழாய் ஒலிபெருக்கித் தொகுதியின் செலவில் சிறு பகுதிதான். செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் முஹல்லாவிலேயே, வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, 'தம்பி, பள்ளிக்கு ஒரு பெட்டி செய்து தா' என்று இதுவரை எந்த நிர்வாகமும் கேட்டதில்லை. ரசீதில்லாத பொருளுக்கு மதிப்பில்லை என்பது நம் நிர்வாகங்களின் எழுதாத சட்டம்.

என் சொல்லை நம்பவேண்டாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். மக்தபுப் பிள்ளைகளைத் திரைக்கு இப்புறம் கையில் பலகையோடு அமர்த்துவோம். திரைக்கு அப்புறம் பள்ளியின் இப்போதைய கருவி ஒன்று, காக்களூர்ப் பெட்டி ஒன்று. இரண்டின் ஒலியளவையும் சமமாக வைப்போம். காஃபும் காஃபும், ஸீனும் ஸாதும் ஸேயும், ஹாவும் ஹாவும் மாறிமாறி வரும் சொற்களை ஒருவர் ஓதட்டும். எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம். கேட்ட எழுத்தை அரபியில் எழுதட்டும். திருத்துவதைப் பொருளாளரே செய்யட்டும். அவர்தாமே காசோலையில் கையெழுத்திடுகிறவர். சொற்பட்டியலை நான் எழுதி வைத்திருக்கிறேன். திரைக்கான துணியும் மத்ரஸாவில் இருக்கிறது.